பங்குனி ஆமையும் மணல் ஊற்றும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவசியம் நமக்கு இல்லை. "குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" என்று கேட்டு வரும் கடிதங்களே அதைச் சொல்லிவிடும். நேயர்களில் பெரும்பாலோர் விரும்புவது ஒரே மாதிரியான இடந்தான். அங்கே நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று இருக்க வேண்டும். கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும். மானோ மயிலோ, குறைந்த பட்சம் ஒரு முயலாவது, தானே வந்து காட்சி தர வேண்டும். மறுநாள் காலைக் காப்பிக்குள் வீடு திரும்பியும் விட வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று தியாகராய நகர் நேயர் ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

இவ்வளவு லட்சணங்களும் பொருந்திய இடம் சென்னைக்குள் உண்டா என்று நாமும் யோசித்துப் பார்த்தோம். கிண்டி வனம் இருக்கிறது. ஒரு பெரிய நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் காடு உலகத்திலேயே அபூர்வம். 1978ல் அதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆனால் அங்கே இரவு தங்க மனிதர்களுக்கு அனுமதி இல்லை. மான்களின் நிம்மதியைக் கருதினால் அது நியாயந்தான். அடையாற்றுக் கழிமுகத்தில் 2011ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவும் அப்படியே. பறவைகள் உண்டு, படுக்கை இல்லை. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. வேலி இல்லாத, வாசற்கதவு இல்லாத, நுழைவுச் சீட்டு இல்லாத பூங்கா. அதற்குக் கடற்கரை என்று பெயர்.

ஆகவே, சென்ற பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நம் பள்ளிக்கூடத்து ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரையும், சக ஆசிரியை ஒருவரையும், ஜமக்காளங்கள் நாலையும், தயிர்சாதப் பாத்திரம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினோம். பிள்ளைகளின் பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆமை பார்க்கவா?" என்று ஒரு தாயார் கேட்ட தோரணையில், நாம் பிள்ளைகளைச் சினிமாக் கொட்டகைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் அவர் அவ்வளவு தயங்கியிருக்க மாட்டார் என்று தோன்றிற்று.

சென்னையில் இந்த ஆமை நடை புதிய விஷயம் அல்ல. 1970களின் ஆரம்பத்தில், பாம்புப் பண்ணை வைத்த ராமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்து வருகிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி முதல் சில மாதங்களுக்கு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் சுமார் ஏழு கிலோமீட்டர் தூரம், இரவு தவறாமல் நடக்கிறார்கள். கூலி கிடையாது. மறுநாள் வகுப்பில் தூங்கினால் ஆசிரியரிடம் வசவு மட்டும் நிச்சயம்.

அந்த ஆரம்பகாலத்து நண்பர்களில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர். ஆமைகளிடம் மனத்தைப் பறிகொடுத்து, பாரத தேசத்தின் கடற்கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே அளந்துவிட்டார். 1982ஆம் வருஷம் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவைச் சேர்ந்த சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் தன்னந்தனியே கூடாரம் அடித்துத் தங்கினார். அந்தப் பருவத்தில் அங்கே படகு போகாது, தபாலும் இல்லை. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். இருபத்து நாலே நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் அகப்பட்டது. அந்த மகானுபாவர் அதை உரிய விலாசத்துக்கு அனுப்பியும் வைத்தார். நீலாங்கரை மணலில் உட்கார்ந்து இந்தக் கதையை நாம் சொன்னபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம தபால்காரரைவிட அந்தக் கடல் பரவாயில்லை, சார்" என்றான். இந்தப் பையனைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு மேல் நடை ஆரம்பமாயிற்று. வழிகாட்டி வந்த கல்லூரி மாணவி மூன்று கட்டளைகள் இட்டாள். பேசக் கூடாது. வரிசையை விட்டு விலகக் கூடாது. விளக்கைப் போடக் கூடாது. கைபேசியின் வெளிச்சமும் விளக்குத்தான். முப்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் இருபது வருஷம் நாம் சாதிக்க முடியாத மௌனத்தை அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சாதித்துவிட்டாள்.

நம் கரைக்கு வரும் ஆமைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ இருக்கட்டும். தமிழில் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். எந்த மாதத்தில் வரும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்ட மீனவர்களைப் பாராட்ட வேண்டும். இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் எடை. ஒரிஸாக் கரையில், கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும், இந்த ஜாதி ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறுகின்றன. சென்னைக்கு வருபவை தனித்தனியாக, யாருக்கும் சொல்லாமல், கூட்டம் பிடிக்காத விருந்தாளிகளைப் போல வருகின்றன.

பாலவாக்கத்தைத் தாண்டிய இடத்தில் முதல் ஆமையைக் கண்டோம். அது உயிரோடு இல்லை. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்குவதற்கு அது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுக்கும் மடிவலைக்குள் அகப்பட்டுக்கொண்டால், தண்ணீரில் பிறந்து வளர்ந்த பிராணி தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகிறது. 2025 ஜனவரியில் இப்படி நூற்றுக்கணக்கான உடல்கள் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஒதுங்கியதைப் பத்திரிகைகளில் நேயர்கள் படித்திருப்பார்கள். கரையை அடுத்த ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வலை வீசக் கூடாது என்று 1983ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆமை மட்டும் தப்பிப் போவதற்காக வலையில் ஒரு திட்டிவாசல் வைத்துத் தைக்கும் உபாயமும் இருக்கிறது. அந்த வாசல் வழியே கொஞ்சம் மீனும் போய்விடுமே என்பது வலைக்காரர்களின் கவலை. கவலை பொய்யல்ல, அன்றாடம் மீன் விற்று அரிசி வாங்குகிறவர்களிடம் நாம் மயிலாப்பூரிலிருந்து உபதேசம் செய்வதும் அழகல்ல. ஆனால் சட்டம் இருக்கிறது, ஆமை செத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றுவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் நடந்தார்கள்.

கொட்டிவாக்கத்தில் நம் அதிர்ஷ்டம் திரும்பிற்று. முன்னால் போன மாணவி சட்டென்று கையை உயர்த்தினாள். ஈர மணலிலிருந்து மேல் நோக்கி, சிறிய டிராக்டர் ஏறிப் போனதைப் போல ஒரு தடம். தடத்தின் முடிவில் இருட்டைவிடக் கறுப்பாக ஒரு மேடு அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் குப்புறப் படுத்துக்கொண்டோம்.

அது பின் துடுப்புகளை மாற்றி மாற்றிக் கை போலக் குவித்து மணலை அள்ளிற்று. ஒன்றரை அடி ஆழம். வாய் குறுகி அடி அகன்ற கூஜாவைப் போன்ற குழி. கண்ணால் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு பாத்திரத்தை வனைய நம்மில் யாரால் முடியும்? பிறகு முட்டைகள், இரண்டும் மூன்றுமாக, வெள்ளை வெளேரென்று, பிங்பாங் பந்துகளைப் போல விழுந்தன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நம் காதருகே, "சார், அது அழுகிறது" என்றாள். உண்மையிலேயே அதன் கண்களிலிருந்து நீர் வழிந்து மணல் ஒட்டியிருந்தது. பிரசவ வேதனை என்று கவிகள் சொல்லிக்கொள்ளட்டும். விஞ்ஞானம் சொல்வது வேறு. கடல் நீரையே குடித்து வாழும் பிராணி, மிதமிஞ்சிய உப்பைக் கண்ணின் அருகில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது இப்படித்தான் அழுதுகொண்டிருக்கிறது. இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாமும் வற்புறுத்தவில்லை.

முட்டையிட்டு மூடியதும் ஆமை தன் உடம்பை வலமும் இடமுமாக ஆட்டித் தட்டி மணலைக் கெட்டிப்படுத்திற்று. கட்டட வேலைக்காரர்கள் தளம் இடிப்பதைப் போன்ற சத்தம். அப்புறம் திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விட்டது. குஞ்சுகளை அது ஒரு நாளும் பார்க்கப் போவதில்லை.

மாணவர்கள் முட்டைகளை எடுத்துத் துணிப்பையில் எண்ணிப் போட்டார்கள், நூற்றுப் பன்னிரண்டு. இவற்றைப் பெசன்ட் நகரில் வேலி கட்டிய மணல் பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே மாதிரிக் குழியில் புதைப்பார்கள். விட்ட இடத்திலேயே விட்டுவைத்தால் நாய்களும் மனிதர்களும் மிச்சம் வைப்பதில்லை. சுமார் ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது என்று மாணவி சொன்னாள். சூடு ஏறினால் பெண்கள் மிகுதி, குறைந்தால் ஆண்கள் மிகுதி.

திருவான்மியூர் வந்தபோது மணி மூன்று இருக்கும். வால்மீகி நகர் ஓரமாக மணலில் பூக்கோலம் போட்டதைப் போல நுண்ணிய தடங்கள் தெரிந்தன. மாணவியின் முகம் மாறிவிட்டது. எந்த இரவிலோ கண்ணுக்குத் தப்பிய ஒரு முட்டைக்குழி அன்றிரவு தானே பொரிந்திருக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்தவுடன் வெளிச்சமான திக்கை நோக்கி ஓடும். இயற்கையான இரவில் வெளிச்சமான திக்கு கடல்தான். நட்சத்திர ஒளியும் நிலவும் அலைமேல் பட்டுப் பளபளப்பதால், கரையைவிடக் கடல் எப்போதும் சற்று வெளுப்பாகவே இருக்கும். கோடிக்கணக்கான வருஷங்களாக ஆமைகளைக் கைவிடாத அடையாளம் இது. ஆனால் அங்கே ஒரு தடங்கூடக் கடலை நோக்கிப் போகவில்லை. எல்லாம் மேற்கே திரும்பி, ஓர் அடுக்கு மாளிகையின் மொட்டை மாடியில் எரிந்த பெரிய வெள்ளை விளக்கை நோக்கிப் போயிருந்தன.

சுவர் ஓரத்திலும் சாலையிலும் தேடினோம். சாலையில் அகப்பட்டவற்றைப் பற்றி விவரிக்க நமக்கு மனம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் இருபத்து மூன்று உயிரோடு கிடைத்தன. சுவரில் முட்டி முட்டி, இன்னும் விளக்கையே பார்த்துத் துடுப்படித்துக்கொண்டிருந்தன. வாளியில் இட்டு இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய் அலையோரத்தில் விட்டோம்.

"சார், அந்த விளக்கு யார் வீட்டு விளக்கு?" என்று கேட்டான், முன்னே சொன்ன ஏழாம் வகுப்புப் பையன்.

நாம் அறுபது அடி தூரம் பதில் சொல்லாமல் நடந்தோம். அந்த மாளிகை நமக்கு நன்றாகத் தெரியும். அதன் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் நம்முடைய மைத்துனர். அதுமட்டுமா? போன வருஷம் அங்கே ஒரு சைக்கிள் களவு போனபோது, "மாடியில் பெரிய விளக்காக ஒன்று போட்டுவிடுங்கள், திருடன் கிட்டே வரமாட்டான்" என்று யோசனை சொன்ன புத்திசாலி யார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பையனிடம் உண்மையைச் சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பொரிப்பிடத்தின் அருகே ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். கடல்காற்று, மேலே வானம், பக்கத்தில் புதைத்த நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள். கூடாரம் வேண்டும் என்று கேட்கிற நேயர்கள் ஒரு தடவை இப்படிப் படுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தூங்கினார்கள்; நமக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் ஊரூர்க் குப்பத்துக் கிழவி ஒருத்தி வலைக்கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் காலியாகிவிட்டதைப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, ஊத்துல குந்திக்கினு தண்ணிக்கு அல்லாடுறியா?" என்றாள். நமக்கு விளங்கவில்லை. அவள் அலைக்கு வெகு மேலே, அடப்பங்கொடி படர்ந்த மணல் மேட்டின் அடியில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது. இன்னும் அரை முழம் போனதும் தண்ணீர் ஊறிக் குழியில் தெளிந்து நின்றது. "குடிச்சுப் பாரு, கண்ணு" என்று பையனுக்கு முதலில் அள்ளிக் கொடுத்தாள். "ஆயா, இனிக்கிறது!" என்று அவன் கூவினான். பாய்ந்து போய் அலைக்கு அருகில் தானே ஒரு குழி தோண்டி அதையும் குடித்துவிட்டு, காறித் துப்பினான். சோதனை என்றால் இதுவல்லவா சோதனை!

தன் சிறு வயதில் குப்பத்துக்கு இந்த ஊற்றுத்தான் குடிநீர் என்றாள் கிழவி. இப்போது மழை நன்றாகப் பெய்த வருஷத்தில்தான் இனிக்குமாம். மணற்கேணியைக் கல்விக்கு உவமையாகச் சொன்ன வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்ற ஐதிகத்தில் நமக்கு இதுவரை கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அன்று காலை அது பாதி தீர்ந்துவிட்டது.

உப்புக் கடலின் காலடியில் நன்னீர் எப்படி நிற்கிறது? ஆசிரியர் வியாதி நம்மை விடாது. நேயர்கள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். மழை நீர் மணலில் இறங்கிக் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் பளு நாற்பது என்றால் கடல் நீரின் பளு நாற்பத்தொன்று. அந்த ஒரு பங்கு வித்தியாசந்தான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பதடி ஆழம் வரை நன்னீரே நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்து தேசத்துக் கிபென் என்பவரும், 1901ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பர்க் என்பவரும் இந்தக் கணக்கைக் கண்டார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடியை நாம் இறைத்துவிட்டால், கீழே உப்பு நீர் நாற்பதடி ஏறி வந்துவிடும். மழையை மணலுக்குள் இறங்க விடாமல் சிமெண்டுத் தளம் போட்டு, கீழே குழாய்க் கிணறும் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மைத்துனர் வீட்டுக் குழாயே சாட்சி. அதில் பருப்பு வேகாது. 2003ல் வீடுதோறும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோது முணுமுணுத்தவர்கள், அடுத்த நல்ல மழைக்குப் பிறகு தங்கள் கிணறுகளை எட்டிப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்மீகி நகர் போனோம். "அத்திம்பேர், விளக்கைப் போடச் சொன்னதும் நீங்கள், அணைக்கச் சொல்வதும் நீங்களா?" என்று மைத்துனர் சிரித்தார். ஆனாலும் பதினெட்டு வீட்டுக்காரர்களையும் மாடியில் கூட்டிவிட்டார். குஞ்சுகளைப் பற்றி நாம் உருக்கமாகப் பேசினோம். ஒருவர் திருடனைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், மாநகராட்சி விளக்குகள் எரியும்போது நம் ஒரு விளக்கை அணைத்து என்ன லாபம் என்றார். ஆமைப் பருவத்தில் இரவு நேரத்தில் கரை விளக்குகளை அணைக்கும்படி வனத்துறை கேட்டுக்கொள்வதையும், சில இடங்களில் அணைப்பதையும் எடுத்துச் சொன்னோம். காரியம் நடக்கிற வழியாகத் தெரியவில்லை. அப்போது முதல் மாடி மாமி ஒருவர், "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே! அதைப் பற்றி நமக்கு எதற்குப் பேச்சு?" என்று எழுந்தார்.

"அதற்காகத்தான் மாமி சொல்கிறோம். விளக்கு எரிந்தால் நூறு ஆமை வீட்டுக்கு வரும். அணைத்துவிட்டால் ஒன்றுகூட வராது" என்றோம்.

மாமி யோசித்தார். தீர்மானம் பத்தே நிமிஷத்தில் நிறைவேறிற்று. ஜனவரி முதல் மே வரையில் இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை மாடி விளக்கு எரியாது. வாசலில் தரையை மட்டும் பார்க்கும் சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும். மழைநீர்த் தொட்டியைத் தூர் வாரும் விஷயம் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குச் செலவு உண்டே!

நாற்பத்தொன்பதாம் நாள் மாலை பொரிப்பிடத்திலிருந்து செய்தி வந்தது. நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றாறு பொரிந்திருந்தன. பிள்ளைகள் ஒன்பது பேரும் வந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நின்று, குஞ்சுகள் தாமாகவே மணலில் நடந்து போவதைப் பார்த்தோம். தூக்கிக் கடலில் எறியக் கூடாது, நடந்து போனால்தான் நல்லது என்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகுமாம். தொண்ணூற்றாறை ஆயிரத்தால் வகுத்துப் பார்த்த பையன் நம்மிடம் வந்து, "ஒன்றுகூட வரவில்லையே, சார்" என்றான். வகுத்தல் சரியாகத்தான் இருந்தது. அந்த இருபத்து மூன்றையும் சேர்த்துக்கொள் என்றோம். சேர்த்தாலும் வரவில்லை. அடுத்த வருஷமும் தான் நடக்க வரவேண்டும் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

பருவத்தில் வாரக் கடைசி இரவுகளில் பொதுஜனங்களையும் மாணவர்கள் அழைத்துப் போகிறார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்கத் தெம்பு வேண்டும். கறுப்பு அல்லது மங்கலான துணி உடுத்திக்கொள்வது நல்லது. வெறுங்காலில் நடந்தால் சுகம், ஆனால் கண்ணாடித் துண்டுகள் உண்டு. தயிர்சாதம் கொண்டுபோகலாம். டார்ச் விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.